புது ஆற்றுக் கரையில் செவலையோடு

பாலத்திலிருந்து ஐயனார் கோயில் வரை ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். தனியாகப் போனால் இருபது நிமிஷம். என் நாய் செவலையோடு போனால் முக்கால் மணி நேரம் ஆகிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு புளியமரத்தின் தூரிலும் அவன் நிற்க வேண்டும். முதல் மரத்தில் கிழக்குப் பக்கம், இரண்டாவது மரத்தில் தரைக்கு மேலே வந்திருக்கும் பெரிய வேர், மூன்றாவதில் சுற்றிலும் ஒரு வட்டம். அதற்கப்புறம்தான் நடை. முன்பெல்லாம் கயிற்றைச் சுண்டி "வாடா" என்று இழுப்பேன். இப்போது நானும் நின்றுகொள்கிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். கல்லணைக் கால்வாய் ஊர் ஓரமாகப் போகிறது. அரசாங்கத் தாள்களில்தான் அந்தப் பெயர். எங்களுக்கு அது புது ஆறு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது அந்தத் திட்டத்தோடு சேர்ந்து வந்த கால்வாய் இது. காவிரியும் வெண்ணாறும் எப்போதிருந்து ஓடுகின்றன என்று யாருக்குத் தெரியும்? அவற்றின் பக்கத்தில் இது புதிது. தொண்ணூறு வருஷமாகியும் ஊர் வாயில் அது இன்னும் புது ஆறுதான்.

செவலை வந்தது கஜா புயலில். 2018 நவம்பர் 16 விடியற்காலை. வேதாரண்யம் பக்கம் கரையேறிய காற்று எங்கள் தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போயிற்று. விடிந்து கதவைத் திறந்தால் வானம் பெரிதாகத் தெரிந்தது. நடுவில் மறைக்க மரமே இல்லை. மூன்றாம் நாள் ஆற்றுப் பக்கம் போனபோது, வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு பூவரசின் அடியில் குட்டியின் முனகல் கேட்டது. இரண்டு குட்டிகள். ஒன்று இறந்திருந்தது. மற்றதைத் துண்டில் சுருட்டி எடுத்து வந்தேன். அம்மா "இருக்கிற கஷ்டத்துல இது வேறயா" என்றார்கள். சொல்லிக்கொண்டே கஞ்சியை ஆற்றி, பழைய துணியில் நனைத்து அதன் வாயில் வைத்ததும் அம்மாதான். மின்சாரம் வராத அந்த வாரங்களில், இருட்டில் அம்மாவின் கட்டிலுக்கடியில் கிடந்துதான் அவன் வளர்ந்தான்.

நாலு வயதில் ஒரு விபத்து. ரோட்டில் ஒரு வண்டி அடித்துப் பின்னங்கால் தொடையெலும்பு உடைந்தது. ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது எங்கள் பாக்கியம். 2012இல் தொடங்கிய கல்லூரி. அதற்கு முன்னால் என்றால் இப்படி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடியிருப்போம் என்று தெரியவில்லை. அறுவை முடிந்து, ஆறு வாரம் கட்டிப்போட்டு வைத்த பிறகு அங்கிருந்த மருத்துவர் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "தினமும் நடக்க விடுங்க. கொஞ்ச தூரம், மெதுவா, சமமான மண் தரையில. எடை ஏற விடாதீங்க. படி ஏத்தாதீங்க."

சமமான மண் தரை என்று அவர் சொன்னது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வீட்டு வாசலில் தார் ரோடு இருக்கிறதே என்று அதிலேயே கூட்டிப் போனேன். சித்திரை மாதம், காலை பத்து மணி. எனக்குச் செருப்பு இருந்தது. பாதி தூரத்தில் அவன் கால்களை மாற்றி மாற்றித் தூக்கினான். அடிபட்ட கால்தான் வலிக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலு பாதத்திலும் மெத்தைத் தோல் கொப்பளித்திருந்தது. அந்த நாளை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. காலைத் தூக்கிக் காட்டினான், எனக்குப் புரியவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம். எந்தத் தரையானாலும் என் புறங்கையை அதில் ஏழு நொடி அழுத்தி வைத்துப் பார்ப்பேன். என்னால் தாங்க முடியவில்லை என்றால் அன்றைக்கு அந்த வழி இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்ற சூடெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவதில்தான் போக வேண்டும். அதன் உடம்புச் சூடு இயல்பிலேயே 101இலிருந்து 102.5 டிகிரி வரை இருக்கும். 104ஐத் தாண்டினால் ஆபத்து. இடையில் இருக்கிற இடைவெளி எவ்வளவு சின்னது என்று பாருங்கள். மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, காற்று பட வைத்து, மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சரி, ஆற்றங்கரைக்கு வருகிறேன்.

கரைக்குப் போகச் சொன்னவர் எங்கள் தெருப் பெரியவர். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு திறப்பது, மூடுவது, கரையில் உடைப்பு தெரிகிறதா என்று நடந்து பார்ப்பது, இதுதான் அவர் வாழ்நாள் வேலை. செவலை விந்தி விந்தி நடப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி இதைப் போட்டு ரோட்டுல இழுத்துக்கிட்டுத் திரியிறீங்க? கரையில விடுங்க. ஜீப்பு போறதுக்குன்னு போட்ட கரை, மேடு பள்ளமே இருக்காது" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் யோசித்தேன். இந்தக் கரை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது? கல்லணையிலிருந்து கிளம்பும் தண்ணீர் ஏறக்குறைய 148 கிலோமீட்டர் ஓட வேண்டும். பம்பு கிடையாது, தானாகவே ஓட வேண்டும். வாட்டம், அதாவது தரையின் சரிவு, அதிகமானால் மண்ணை அரித்துவிடும், குறைந்தால் தேங்கிவிடும். அதனால் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வாட்டம் வைத்து, மேட்டைச் சுற்றி வளைந்து வளைந்து ஆற்றைக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆறு எப்படியோ அப்படியே கரையும். நாற்றுக்குத் தண்ணீர் போக வேண்டும் என்று அளந்து வைத்த மட்டம், எலும்பு ஒட்டிய ஒரு நாயின் காலுக்கும் சரியாக இருக்கிறது.

நிழலைப் பற்றி கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். "நிழலான பாதை" என்று சொன்னால் வருஷம் முழுக்க ஒரே நிழல் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. எங்கள் கரையில் வனத்துறை வைத்த தேக்கு வரிசை நிறைய. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆற்றங்கரைத் தேக்கு பெயர் பெற்றது. வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பார்கள். சில நாளில் தண்ணீர் இங்கே வரும். 2024 மாதிரி ஜூலை கடைசி வரை காத்திருக்க வைத்த வருஷமும் உண்டு. தண்ணீர் வரும் அந்த நாட்களில் தேக்கு முறம் முறமாக இலை விட்டிருக்கும். உச்சி வெயில்கூடக் காசு காசாகத்தான் தரையில் விழும். ஆவணி, புரட்டாசியில் தேக்கம்பூ உதிர்ந்து பாதை வெளுத்துக் கிடக்கும். செவலை அதில் மூக்கை வைத்து ஒரு தும்மல் போடுவான்.

ஜனவரி 28இல் மேட்டூரை மூடுவார்கள். அதையொட்டியே தேக்கும் இலையை உதிர்க்க ஆரம்பிக்கும். தண்ணீரும் போய், நிழலும் போய், மாசி பங்குனியில் கரை வேறு ஊராகிவிடும். வெயில் ஏறும்போதுதான் நிழல் வேண்டும், அப்போது தேக்கு நிழல் தராது. அந்த மாதங்களில் எங்கள் நடை புளியமரங்களும் வேம்பும் இருக்கும் துண்டுக்குள் சுருங்கிவிடும். நானூறு, ஐந்நூறு அடிதான் இருக்கும். அதிலேயே போய்த் திரும்பிப் போய்த் திரும்புவோம். ஆறு மணிக்கு முன்னால் ஒரு முறை, மாலையில் பொழுது இறங்கிய பிறகு ஒரு முறை. இன்னொரு காரணமும் உண்டு. உதிர்ந்த தேக்கிலை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். அதற்குள் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் யாருக்கும் தெரியாது. சருகு பக்கம் செவலை மூக்கை நீட்டினால் அப்போது மட்டும் இழுத்துவிடுவேன், தயங்க மாட்டேன்.

மற்ற நேரத்தில் இழுப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா? அதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. நம் மூக்கில் வாசனையை வாங்கும் அணுக்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல் என்கிறார்கள். மேலண்ணத்தில் தனியாக இன்னொரு உறுப்பும் இருக்கிறது. மற்ற நாய்களின் சமாசாரமெல்லாம் அதில்தான் பதிவாகும். அந்தப் புளியமரத்தூரில் நேற்று இரவு யார் வந்தார்கள், ஆணா பெண்ணா, எந்தப் பக்கம் போனார்கள் என்பதையெல்லாம் அவன் அங்கே நின்று தெரிந்துகொள்கிறான். வேகமாக நடத்திக் கூட்டிவந்த நாட்களில் வீட்டுக்கு வந்தும் அவன் அமைதியில்லாமல் சுற்றுவான். மோந்து மோந்து மெதுவாக வந்த நாட்களில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தால் அசையமாட்டான். தூரத்தைவிட மூக்குக்கு வேலை கிடைப்பதுதான் அவனுக்கு நிறைவு என்று இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்கு உறுதியாகப்படுகிறது. நடை அவனுடையது. கயிற்றின் மறு முனையில் நான் கூடப் போகிறேன்.

கயிறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இரும்புச் சங்கிலியை விட்டுவிட்டேன். பருத்திக் கயிறு, பதினைந்து அடி. மாட்டுக்குப் பிடிகயிறு விற்கும் கடையிலேயே வாங்கியது. நைலான் கையை அறுக்கும். கழுத்துப் பட்டையில் பெயரும் போன் எண்ணும் எழுதியிருக்கிறேன், ஆனால் கயிற்றை மாட்டுவது மார்பைச் சுற்றி வரும் பட்டையில். இழுத்தாலும் கழுத்து நெரியாது.

அந்த மார்புப் பட்டை மைனாவுக்கு உயிர் கொடுத்தது. மைனா எங்கள் இரண்டாவது நாய். விருதுநகர்ப் பக்கத்து நண்பர் கொடுத்த சிப்பிப்பாறைக் கலப்பு, இரண்டு வயது. செவலை மூக்கால் நடந்தால் இவள் கண்ணால் நடப்பாள். முந்நூறடிக்கு அப்பால் மயில் தோகை அசைந்தால் போதும், உடம்பு முழுக்க அம்பு மாதிரி இறுகிவிடும். வேட்டைக்கென்று வளர்த்த இனத்தின் ரத்தம். போன வருஷம் ஆவணியில் ஒரு மயிலைப் பார்த்துப் பாய்ந்தவள் கரைச் சரிவில் வழுக்கி ஆற்றில் விழுந்துவிட்டாள். தண்ணீர் பாதிக் கரைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மண் கரையாக இருந்தால் நகத்தை ஊன்றி ஏறியிருப்பாள். எங்கள் பக்கம் இப்போது சரிவுக்கு சிமென்ட் போட்டிருக்கிறது. கல்லணைக் கால்வாயைச் சீரமைக்க 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய திட்டம், 2,640 கோடி ரூபாய். கடைமடைக்குத் தண்ணீர் சேதாரமில்லாமல் போக வேண்டும் என்பது நியாயம்தான். அடித்தளத்திலும் சிமென்ட் போட்டால் நிலத்தடி நீர் என்னாவது என்று விவசாயிகள் போராடினார்கள், அதுவும் நியாயம். எனக்கு அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். பாசி பிடித்த சிமென்ட் சரிவில் நாயால் ஏற முடியாது. மைனா நீந்தி வந்து முன்னங்காலை வைக்கிறாள், வழுக்குகிறது. மறுபடி வைக்கிறாள், மறுபடி வழுக்குகிறது. கயிறு என் கையில் இருந்ததால் அவளை ஆறு இழுத்துக்கொண்டு போகவில்லை. மேலே தூக்காமல், கயிற்றைப் பிடித்தபடி கரையிலேயே நடந்து அவளைப் படித்துறை வரை தண்ணீரோடு மிதக்க விட்டுக் கூட்டிப் போனேன். எண்பது அடி இருக்கும். செவலை என் கூடவே ஓடி வந்தான். அந்தக் காலோடு அவன் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். படியில் கால் பட்டதும் ஏறி வந்து உதறினாள். என் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

கால்வாய்க் கரையில் நாய் கூட்டிப் போகிற யாராக இருந்தாலும் முதலில் படித்துறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடும் மாதங்களில் கயிற்றை விடவே விடாதீர்கள். நீந்தத் தெரிந்த நாயாயிற்றே என்று நம்பாதீர்கள். நீந்தத் தெரிவது வேறு, கரையேற முடிவது வேறு.

புளியமரத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும், நிழலுக்காக அதைப் புகழ்ந்துவிட்டேன் அல்லவா. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல காலமாகத் தெரிந்ததுதான். அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். புளியில் அந்த அமிலம் ஏராளம். மாசி பங்குனியில் பழம் உதிரும் காலத்தில் செவலை ஓட்டோடு கடித்து மெல்லப் பார்ப்பான். முன்பு விளையாட்டாக விட்டிருக்கிறேன். இப்போது விடுவதில்லை. வீட்டில் அம்மாவும் புளிக்குழம்புச் சோறு மிஞ்சினால் அவனுக்கு வைப்பதை நிறுத்திவிட்டார்கள். தயிர்ச் சோறும் வேகவைத்த முட்டையும்தான்.

தண்ணீர் நின்ற பிறகு ஆற்றுக்குள் ஆங்காங்கே குட்டை தேங்கும். அதில் குடிக்க விடக்கூடாது. எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும், நமக்கும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வெறிநோய்க்குப் போடும்போதே கேட்டுப் போட்டுவிடலாம். நான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்விடுவேன். திரும்பி வந்ததும் விரலிடுக்கிலும் காது மடலுக்குள்ளும் உண்ணி பார்ப்பது அம்மாவின் வேலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்குவார்கள். அப்புறம், படித்துறையில் பெண்கள் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். அந்தப் பக்கம் நாய் மலம் கழித்தால் விட்டுவிட்டு வரக்கூடாது. ஒரு களைக்கொத்தைப் பையில் வைத்திருக்கிறேன். கரையை விட்டுத் தள்ளி, ஆழமாகத் தோண்டி மூடிவிடுவேன்.

கோடையில் கரையில் புது ஆட்கள் வருவார்கள். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளோடு வந்து தங்குவார்கள். ராத்திரி ஆடு அடைந்த வயலுக்கு வேறு உரம் வேண்டாம். ஆட்டோடு கிடை நாய்களும் இருக்கும். ஒரு மாலை இரண்டு கிடை நாய்கள் எங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு இறங்கி வந்தன. நான் பயந்துபோய் இரண்டு கயிற்றையும் முறுக்கிப் பிடித்தேன். மைனா பல்லைக் காட்டினாள். வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு கீதாரிப் பெரியவர் எழுந்திருக்காமலே குரல் கொடுத்தார்.

"கயித்த இறுக்காதீங்க தம்பி. நீங்க இறுக்குனா ஏதோ ஆபத்துன்னு நெனச்சு அதுங்க சண்டைக்கு நிக்கும். தளர்த்திட்டு, அதுகளப் பாக்காம சுத்திப் போங்க."

தளர்த்தினேன். நேராகப் போகாமல் வயலுக்குள் இறங்கி ஒரு அரைவட்டம் போட்டோம். செவலை தலையைத் தாழ்த்தித் தரையை மோந்துகொண்டு வந்தான். கிடை நாய்களும் நின்று தரையை மோந்தன. பிறகு திரும்பி ஆட்டுப் பக்கம் போய்விட்டன. வாழ்நாளெல்லாம் நாய்களோடு வெட்டவெளியில் படுத்துறங்கும் மனிதர் ஒரு வாக்கியத்தில் சொன்னதை, அதற்கப்புறம் நான் ஒருநாளும் மறக்கவில்லை. பயம் கயிறு வழியாக இறங்குகிறது.

கஜாவில் விழுந்த இடத்தில் நிழல் எப்படித் திரும்பியது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. செவலை கிடைத்த பூவரசை அறுத்து எடுத்துப் போனார்கள். அந்த இடமும் அதை ஒட்டிய இருநூறு அடியும் மொட்டையாக நின்றது. அடுத்த ஆனியில் நம் லஸ்கர் பெரியவர் கையில் ஏழெட்டுப் பூவரசம் போத்துகளோடு வந்தார். நட்டால் துளிர்க்கும் கிளைக் கம்புகள், கைத்தடிப் பருமன், ஆள் உயரம். கடப்பாரையால் குழி போட்டு நட்டு, தலையில் சாணி உருண்டை வைத்து, வைக்கோல் சுற்றினார். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகிவிட்டது, யாரும் கேட்கவில்லை, சம்பளமில்லை. நான் தண்ணீர் தூக்கி ஊற்றினேன். எட்டில் ஐந்து பிழைத்தது. ஒன்றை ஆடு கடித்தது, அதுவும் பக்கத்தில் துளிர்த்துக்கொண்டது.

இப்போது அந்தப் பூவரசுகளுக்கும் செவலைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவன் முகவாயில் நரை தெரிகிறது. மரங்கள் மஞ்சள் பூப் பூத்துச் சிவந்து உதிர்க்கின்றன. பூவரசு மொட்டையாக நிற்பதில்லை. தேக்கு கைவிடும் பங்குனியிலும் அந்த இருநூறு அடியில் நிழல் இருக்கும். கோடை நடைக்கு இனிமேல் அந்தத் துண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நேற்று மாலை ஐயனார் கோயில் வரை போனோம். கோயிலில் மண் குதிரைகளுக்குப் பக்கத்தில் ஒரு மண் நாயும் நிற்கிறது. ஒரு காது உடைந்திருக்கும். மைனா அதை ஒருமுறைகூட நாய் என்று ஒப்புக்கொண்டதில்லை, ஏறிட்டும் பார்க்காமல் தாண்டிவிடுவாள். செவலை மட்டும் தினமும் அதன் பாதத்தை மோந்துவிட்டுத்தான் திரும்புவான். திரும்பும் வழியில் மூன்றாவது பூவரசடியில் படுத்துவிட்டான். கால் வலிக்கும்போது அப்படிப் படுப்பான். சொம்பைச் சாய்த்தேன், பாதி குடித்தான். மைனா கயிறு நீளத்துக்குப் போய் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நானும் உட்கார்ந்தேன். அக்கரையில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மீன்கொத்தி இரண்டு முறை விழுந்து மூன்றாவது முறை மீனோடு எழுந்தது. அம்மா போன் செய்து, "எங்க இருக்கீங்க, இருட்டப் போவுது" என்றார்கள். "செவலை எந்திரிச்சதும் கெளம்பிடுறோம்மா" என்றேன்.